அண்டாவில் எரிந்த துப்பாக்கிகள்: குர்துகளுக்கு என்ன மிஞ்சியது?

திண்ணைராஜா:
நேற்று, 2025 ஜூலை 11. வட ஈராக்கில் சுலைமானியா பக்கம் ஒரு குகை வாசல். குர்து இன மக்களுக்காகத் துருக்கி அரசோடு சண்டையிட்ட பி.கே.கே. என்ற ஆயுத அமைப்பின் படையினர் 30 பேர், பாதிப் பேர் பெண்கள், வரிசையாக இறங்கி வந்து துப்பாக்கிகளை ஒரு பெரிய அண்டாவுக்குள் வைத்துத் தீ மூட்டினார்கள். வீடியோவை மூன்று தடவை பார்த்தேன்.

1984 ஆகஸ்ட் 15 அன்று துருக்கியின் தென்கிழக்கில் எரூஹ், ஷெம்டின்லி என்ற இரண்டு சின்ன ஊர்களைத் தாக்கித் தொடங்கிய போர் இது. 40,000 பேருக்கு மேல் செத்தாச்சு. 1999-ல் நைரோபியில் பிடிபட்டு இம்ராலி தீவுச் சிறையில் கிடக்கும் பி.கே.கே. தலைவர் ஓஜலான், போன பிப்ரவரியில் அமைப்பைக் கலைக்கச் சொன்னார். மே மாதம் கலைத்துவிட்டார்கள். தனி நாடு வரவில்லை, தன்னாட்சி வரவில்லை, பள்ளிக்கூடத்தில் குர்திஷ் வழிக் கல்விகூட வரவில்லை. அப்புறம் எதற்கு இந்தச் சண்டை? ஆதரவாளர்கள் யாராவது கொதிக்காமல் பதில் சொல்லுங்கள்.

மருதன்:
கொதிக்காம சொல்றேன். 1980 ராணுவப் புரட்சிக்கு அப்புறம், குர்துகள் அதிகமா இருக்கிற துருக்கி நகரம் தியார்பக்கிரோட சிறையில என்ன நடந்ததுன்னு முதல்ல படிங்க. பார்க்க வர்றவங்க துருக்கி மொழியிலதான் பேசணும். கிராமத்து அம்மாக்களுக்கு அந்த மொழி ஒரு வார்த்தை தெரியாது. மகன் பேரையும் "எப்படி இருக்கே"ங்கிறதையும் மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு வந்து, நேரம் முடியற வரைக்கும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிட்டுப் போன ஒரு தாயைப் பத்தி அங்க இன்னும் பேசுவாங்க. அந்தச் சிறையில இருந்து உயிரோட வெளிய வந்தவங்க எத்தனை பேர் மலைக்குப் போய் பி.கே.கே.ல சேர்ந்தாங்க, தெரியுமா? சண்டைக்கு ஆள் சேர்த்தது ஓஜலான் மட்டும் இல்ல.

கணக்குப்பிள்ளை:
ஐயா மருதன், வரிசையைக் கொஞ்சம் பார்ப்போம். பி.கே.கே. தொடங்கியது 1978. புரட்சி 1980. பிற மொழிகளில் வெளியீட்டைத் தடுத்த 2932-ஆம் எண் சட்டம் 1983. அமைப்பு முந்தியது, நீங்கள் சொல்லும் காரணம் பிந்தியது.

இன்னொன்று. 1987 ஜூனில் பினார்ஜிக் கிராமத்தில் 30 பேரைக் கொன்றார்கள். அதில் 16 பேர் குழந்தைகள். அவர்களும் குர்துகளே. அரசாங்கத்தின் ஊர்க்காவல் படையில் அப்பன் சேர்ந்தான் என்பதற்காகப் பிள்ளையைச் சுடுவது எந்த விடுதலை? 1993 மே மாதம், அவர்களே போர்நிறுத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, பிங்கோல் சாலையில் பஸ்ஸை மறித்து ஆயுதமில்லாத 33 சிப்பாய்களை இறக்கிச் சுட்டார்கள். கிராமத்துப் பள்ளி ஆசிரியர்களையும் விட்டுவைக்கவில்லை. எந்த நாட்டு ராணுவம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்?

மருதன்:
பினார்ஜிக்கை நான் நியாயப்படுத்தவே மாட்டேன். ஆனா வரிசைன்னு ஆரம்பிச்சா 1978-ல ஏன் நிறுத்தறீங்க? 1925-ல ஷேக் சையத் நடத்தின குர்து கிளர்ச்சி. 1937-38-ல தெர்சிம் பகுதிக் குர்துகள் மேல ராணுவ நடவடிக்கை. தெர்சிம்ல 13,806 பேர் கொல்லப்பட்டாங்கன்னு 2011-ல கணக்கு சொல்லி மன்னிப்புக் கேட்டது நான் இல்ல, எர்டோகன். குர்துன்னு ஒரு இனமே கிடையாது, அவங்க "மலைத் துருக்கியர்"னு சொன்ன அரசு அது.

கூத்து என்னன்னா, குர்திஷ்ல இருக்கிற மூணு எழுத்து (க்யூ, டபிள்யூ, எக்ஸ்) துருக்கி எழுத்து வரிசையில இல்லைன்னு பிள்ளைக்குப் பேர் பதிய விடமாட்டாங்க. "நவ்ரோஸ்" (குர்துகளோட புத்தாண்டு) வாழ்த்தை டபிள்யூ போட்டு எழுதினவங்க மேல வழக்கு. அதே நாட்டுல "ஷோ டிவி"ன்னு டபிள்யூ போட்ட சேனல் ஜோரா ஓடிச்சு. 2013-லதான் அந்த எழுத்துகளுக்கு விடுதலை.

கணக்குப்பிள்ளை:
நீங்களே சொல்லிவிட்டீர்கள், விடுதலை வந்துவிட்டது. 2932 சட்டம் 1991-லேயே போயிற்று. 2009-ல் அரசுத் தொலைக்காட்சியே குர்திஷ் சேனல் தொடங்கியது. இதெல்லாம் நாடாளுமன்றத்தில் நடந்தது, மலையில் அல்ல.

மருதன்:
நாடாளுமன்றமா? 1991-ல குர்து எம்.பி. லெய்லா ஜானா உறுதிமொழி எடுத்து முடிச்சதும் குர்திஷ்ல ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தாங்க, இரண்டு மக்களோட சகோதரத்துவத்துக்காகன்னு. மொத்த சபையும் கத்திச்சு. 1994-ல கைது, பத்து வருஷம் ஜெயில்.

கணக்குப்பிள்ளை:
பாதி உண்மை. தண்டனை பி.கே.கே. உறுப்பினர் என்ற குற்றச்சாட்டில் வந்தது. அந்த வாக்கியத்துக்காக மட்டும் வந்ததல்ல.

மருதன்:
மீதிப் பாதியையும் சொல்லிடுங்க. அந்த விசாரணையே நியாயமா நடக்கலைன்னு 2001-ல ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிடுச்சு.

எர்பில்காரன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் வட ஈராக்கின் எர்பிலில் ஆறு வருஷம் கட்டுமான வேலையில் இருந்தேன். எங்களுக்குச் சரக்கு ஏற்றி வரும் லாரிக்காரர் ஒருவர், எல்லைக்கு அந்தப் பக்கம், துருக்கியின் ஷிர்னாக் மாகாணத்துக் குர்து. சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு தேநீரை உறிஞ்சியபடியே அவர் சொன்னது.

1993-ல் அவர் ஊருக்கு ராணுவம் வந்தது. துப்பாக்கி வாங்கிக்கிட்டு ஊர்க்காவலில் சேரு, இல்லையா, ஊரைக் காலி பண்ணு. அப்பா சேர்ந்தார், மாதச் சம்பளம் உண்டு. அந்தக் குளிர்காலத்திலேயே அம்மாவின் தம்பி மலைக்குப் போய்விட்டார். ராத்திரிக் காவலில் மலைப்பக்கம் சுடச் சொன்னால் அப்பா வானத்தைப் பார்த்துச் சுடுவாராம், மச்சான் மேல் பட்டுவிடுமோ என்று. பக்கத்து ஊர் சேர மறுத்தது. அந்த ஊரே இல்லாமல் போனது. பல வருஷம் கழித்து, வால்நட் பறிக்கும் பருவத்தில் மட்டும் ராணுவத்திடம் சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பறித்து வர விட்டார்களாம். வீட்டுச் சுவர் இடுப்பளவுதான் இருக்கும், மரம் மட்டும் நன்றாகக் காய்க்கும் என்றார்.

இந்த மாதிரி காலியான ஊர்களும் குக்கிராமங்களும் 3,000 அளவில் இருக்கும். நீங்கள் இருவரும் ஆளுக்கொரு பட்டியல் வாசிக்கிறீர்கள். அந்த வீட்டில் இரண்டு பட்டியலும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டன.

தேன்மொழி:
எர்பில்காரர் எழுதியதற்கு நன்றி. ராஜா சாருக்கு ஒரு எதிர்க்கேள்வி. 2013 நவ்ரோஸ் அன்று ஓஜலான் கடிதம் வந்து சண்டை நின்றது. 2015 ஜூன் தேர்தலில் தெமிர்தாஷின் குர்து ஆதரவுக் கட்சி எச்.டி.பி. 13 சதவீதம் வாங்கி 80 இடம் பிடித்தது. எர்டோகன் கட்சி பெரும்பான்மையை இழந்தது. துப்பாக்கி செய்யாததை ஓட்டு செய்தது என்று நீங்கள் வாதாட வேண்டிய இடமே அதுதான். அதை ஏன் விட்டீர்கள்?

திண்ணைராஜா:
விடவில்லை, அங்கேதான் வருகிறேன். ஜூலையில் சுருச் குண்டுவெடிப்பு, பிறகு ஜெய்லான்பினாரில் இரண்டு போலீஸ்காரர்கள் கொலை, எல்லாம் கெட்டது. அதற்குப் பிறகு பி.கே.கே. செய்த மடத்தனத்தை மன்னிக்கவே முடியாது. சூர், ஜிஸ்ரே, நுசைபின் என்று குர்து மக்கள் நெருக்கமாக வாழும் தெருக்களில் இளைஞர்களை விட்டுப் பள்ளம் தோண்டித் தடுப்பு போட்டார்கள். மலையில் நடந்த சண்டையைச் சமையல்கட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 80 இடம் நவம்பரில் 59 ஆனது.

மருதன்:
பள்ளம் தோண்டினது தப்பு. சரி, ஒத்துக்கறேன், அங்க பல குர்துகளே கோபமாத்தான் இருந்தாங்க. ஆனா பள்ளத்துக்குப் பதில் டாங்கியா? ஊரடங்கு போட்டு மாசக்கணக்குல அடிச்சாங்க. 2015 ஜூலையில இருந்து 2016 டிசம்பர் வரைக்கும் 2,000 பேர் வரை செத்திருக்கலாம், 5 லட்சம் பேர் வரை இடம் பெயர்ந்திருக்கலாம்னு ஐ.நா. அறிக்கை இருக்கு. செத்தவங்கள்ல சுமார் 800 பேர் படையினர், அதையும் சேர்த்தே சொல்றேன்.

தேன்மொழி:
சூரில் நாலு கால் மினார் என்று ஒன்று உண்டு, நாலு ஒற்றைக்கல் தூண் மேல் நிற்கும். சண்டையில் அந்தத் தூணில் குண்டு பட்டுவிட்டது. 2015 நவம்பர் 28 அன்று வழக்கறிஞர் தாஹிர் எல்ச்சி அதன் அடியில் நின்று, இங்கே ஆயுதமும் மோதலும் வேண்டாம் என்று பத்திரிகையாளர்களிடம் பேசினார். சில நிமிஷத்தில் அதே இடத்தில் சுடப்பட்டுச் செத்தார். ஒரு பக்கம் இரண்டு ஆயுததாரிகள் ஓடி வந்தார்கள், மறுபக்கம் போலீஸ் சுட்டது. விசாரிக்கப்பட்ட மூன்று போலீஸ்காரர்களும் 2024-ல் விடுதலை. இரண்டு தரப்பையும் பார்த்துப் பேசிய ஆள் அவர். நீங்கள் இருவரும் இதுவரை அவர் பெயரை எடுக்கவே இல்லை.

கணக்குப்பிள்ளை:
எல்ச்சி விஷயத்தில் அரசைக் காப்பாற்ற நான் வரமாட்டேன். 2011-ல் ரொபொஸ்கி கிராமத்தில் நடந்ததும் அப்படியே. கோவேறு கழுதையில் டீசல் கடத்தி வந்த 34 பேர், பலர் பள்ளிப் பையன்கள், விமானக் குண்டில் போனார்கள். "தவிர்க்க முடியாத தவறு" என்று கோப்பை மூடியது ராணுவ வழக்குத் தரப்பு. அது அநியாயம். ஆனாலும் ராஜா கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது. தெமிர்தாஷ் 2016-லிருந்து சிறையில். துப்பாக்கி போயிற்று, பதிலுக்கு எழுத்தில் என்ன வந்தது?

மருதன்:
எழுத்துல இன்னும் எதுவும் வரல. அது எனக்கும் பயமாத்தான் இருக்கு.

திண்ணைராஜா:
எரித்த அந்த 30 பேர் இப்போது எங்கே? துருக்கிக்குத் திரும்பினால் கைதுதானே?

எர்பில்காரன்:
எரித்துவிட்டுத் திரும்ப மலைக்கே போய்விட்டார்கள். வீடு திரும்ப இன்னும் சட்டம் இல்லை.

நேற்று ராத்திரி லாரிக்காரருக்கு போன் போட்டேன். மாமா அந்த வரிசையில் இருக்கிறாரா என்று வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்களாம். இல்லை. அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. நரைத்த தலை யார் வந்தாலும் "நிறுத்து, நிறுத்து" என்கிறார்களாம். மாமா போனபோது அவருக்கு வயது 19.