ஆம்பூர் ஷூ ஃபேக்டரியில் இன்டர்ன்ஷிப் முடியுது, கடைசி வாரம் என்னென்ன பாக்கணும்?

ராம்நாட்_தம்பி:
ஊர் ராமநாதபுரம், மூணாம் வருஷம் புரொடக்‌ஷன் இன்ஜினியரிங். ஆம்பூர்ல ஒரு ஏற்றுமதி ஷூ யூனிட்ல, தையல் செக்‌ஷன்ல லைன் பேலன்சிங் (வேலை ஒரே இடத்துல குவியாம எல்லாருக்கும் சமமா பிரிக்கிறது) புராஜெக்ட் பண்றேன். அடுத்த சனிக்கிழமை கடைசி நாள். சர்டிஃபிகேட்ல என்னென்ன இருக்கணும்? எடுத்த டேட்டாவை எப்படி ஒப்படைக்கிறது? லைன்ல நாப்பது அக்காங்க இருக்காங்க. எல்லார்கிட்டயும் எப்படிச் சொல்லிட்டுக் கிளம்புறது, ஏதாவது வாங்கித் தரணுமா? ரயில், சாமான் பத்தியும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

எச்ஆர்_மேசை:
சர்டிஃபிகேட்டை இன்னைக்கே கேளுங்க தம்பி. கையெழுத்துப் போடுற மேனேஜர் சென்னைக்குப் போயிட்டார்னா சனிக்கிழமை வெறுங்கையோட நிக்கணும். வாயால கேக்காதீங்க. காலேஜ் ரெக்கார்டுல இருக்கிற மாதிரியே பேர், இனிஷியல், ரெஜிஸ்டர் நம்பர், சேர்ந்த தேதி, முடிக்கிற தேதி, செக்‌ஷன், புராஜெக்ட் தலைப்பு எல்லாத்தையும் டைப் பண்ணி மெயில்ல போடுங்க, அப்படியே லெட்டர்ஹெட்ல ஏத்திடுவாங்க. வழக்கமா சொதப்புறது ரெண்டு இடம். இனிஷியல் முன்னே பின்னே மாறிடும். முடிக்கிற தேதிக்குப் பதிலா சர்டிஃபிகேட் அடிச்ச தேதி விழுந்துடும். ரெண்டாவது நடந்தா காலேஜ் கேக்குற வாரக் கணக்குல சில நாள் குறையும், திருத்திட்டு வான்னு அனுப்பிடுவாங்க. சீல் வச்ச ஒரிஜினல் ரெண்டு வாங்கிக்கோங்க.

காலேஜ் மதிப்பீட்டுப் படிவம் இருந்தா அது எச்ஆர் நிரப்புறது இல்ல, கூட இருந்து வேலை வாங்கின மென்டார் நிரப்பணும். ஐடி கார்டு, லாக்கர் சாவி, கேன்டீன் டோக்கன் திருப்பிக் குடுத்து நோ டியூஸ்ல கையெழுத்து வாங்குங்க. கடைசி ஸ்டைபெண்ட் பெரும்பாலும் மத்தவங்க சம்பளத்தோட அக்கவுண்ட்லதான் விழும், பேங்க் விவரம் குடுத்தாச்சான்னு ஒரு தடவை பாத்துக்கோங்க.

இன்னொண்ணு. யாராவது பிரியமா ஒரு ஜோடி ஷூ குடுத்தா, கேட் பாஸ் இல்லாம பையில வச்சுட்டு வெளிய வராதீங்க. திரும்ப வராத பொருளுக்கான பாஸ், ஸ்டோர்ஸ் கையெழுத்தோட இருக்கணும். பையர் லோகோ போட்ட ஜோடின்னா பாஸே கிடைக்காது, குடுத்தவருக்கும் சேர்த்து வம்பு. நைசா மறுத்துடுங்க.

தையல்_லைன்:
டேட்டா பத்தி மட்டும் சொல்றேன். இன்டர்ன் போன மறு வாரமே எக்செல் செத்துப்போறதுக்குக் காரணம் லிங்க்தான். ஃபார்முலா உங்க லேப்டாப்புல இருக்கிற வேற ஃபைலைத் தேடும், இல்லன்னா காலேஜ் மெயில் டிரைவ்ல பர்மிஷன் கேட்டுட்டு நிக்கும். அதனால ரெண்டு ஷீட் வைங்க. ஒண்ணுல ஃபார்முலா, இன்னொண்ணுல வெறும் மதிப்பு. ரெண்டையும் டிபார்ட்மென்ட் ஃபோல்டர்ல போட்டு, வேற ஒரு கம்ப்யூட்டர்ல திறந்து பாருங்க.

ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் (தையல்ல ஒவ்வொரு வேலைக்கும்) ஆர்ட்டிகிள் நம்பர் (ஷூ மாடல் நம்பர்), எடுத்த தேதி, மெஷின் (தட்டையான மேசை இருக்கிற ஃபிளாட் பெட்டா, தூண் மாதிரி நிக்கிற போஸ்ட் பெட்டா), ஊசி சைஸ் இருக்கணும். இது இல்லாட்டி அடுத்த ஆர்ட்டிகிள் லைன்ல ஏறினதும் நீங்க அளந்த நேரம் எதுக்கும் உதவாது. கணக்கையும் மேல எழுதி வைங்க: 8 மணி நேர ஷிஃப்ட்ல ரெண்டு டீ பிரேக் பத்துப் பத்து நிமிஷம் போனா 460 நிமிஷம். டார்கெட் 460 ஜோடின்னா ஜோடிக்கு 60 வினாடி. வேம்ப்பையும் (ஷூ முன்பக்கத் தோல்) குவார்ட்டரையும் (பின்பக்கத் தோல்) சேர்க்குற இடத்துல 74 வினாடி ஆகுதுன்னா அங்கதான் குவியும். இதைப் பாத்தாலே அடுத்து வர்றவருக்குப் புரிஞ்சுடும்.

முக்கியமானது: ஷீட்ல அக்காங்க பேரை எடுத்துடுங்க, ஆபரேஷன் நம்பர் போதும். ஸ்டாப்வாட்ச் புடிக்கிற பையன் டார்கெட்டை ஏத்திவிடத்தான் வந்திருக்கான்கிற சந்தேகம் எல்லா லைன்லயும் உண்டு. நாளைக்கு அந்த ஷீட்டைக் காட்டி யாரையாவது ‘நீதான் ஸ்லோ’ன்னு சொன்னா, உங்களை நம்பி நேரம் குடுத்தவங்களுக்குப் பண்ற துரோகம் அது. காலேஜ் ரிப்போர்ட்டுக்கும் இதேதான்.

சாயங்காலம் பஸ்ஸர் அடிச்ச பிறகு விடை சொல்லிக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க. கம்பெனி பஸ் கிளம்பிடும், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு பக்கத்து கிராமத்துக்குப் போறவங்க ஒருத்தரும் நிக்க முடியாது. கடைசி நாள் லீவு போடுறவங்களும் இருப்பாங்க. அதனால வெள்ளிக்கிழமையே டீ பிரேக்ல ஆரம்பிச்சு, ஒவ்வொருத்தர்கிட்டயும் அவங்க ஆபரேஷன்ல என்ன மாறினதுன்னு ஒரு வரி சொல்லுங்க. ‘அக்கா, பேஸ்டிங் டேபிளை இடது பக்கம் போட்டோமே, அது இனிமே அங்கேயேதான் இருக்கும்’ மாதிரி. சும்மா தேங்க்ஸ் சொல்றதை விட அது அவங்களுக்குப் போய்ச் சேரும். சூப்பர்வைசர் பாய்கிட்டயும் மெக்கானிக்கிட்டயும் தனியா சொல்லுங்க, மெக்கானிக்கை எல்லாரும் மறந்துடுவாங்க.

ராம்நாட்_தம்பி:
ரொம்ப நன்றிண்ணா. ஆற்காடு மக்கன் பேடா வாங்கி லைன்ல குடுக்கலாமா? ஒரு குரூப் போட்டோவும் எடுக்கணும்.

தையல்_லைன்:
லைன்ல வேண்டவே வேண்டாம். மக்கன் பேடா கோவா, மைதா சேர்த்து உருட்டி, உள்ள பருப்பு வச்சு, பொரிச்சுப் பாகுல ஊறினது. தொட்ட விரல்ல பாகும் நெய்யும் ஒட்டும், அந்தக் கையோட வெளிர் நிற நூபக்கையோ சூயிடையோ (மேல்பரப்பு தேய்ச்ச மெத்து தோல்) தொட்டா கறை போகவே போகாது, அப்பர் (ஷூவோட மேல்பாகம்) ரிஜெக்ட்தான். குடுக்கறதுன்னா மதியம் கேன்டீன்ல, சாப்பாட்டுக்கு அப்புறம், கை கழுவுற இடம் பக்கத்துலயே வச்சு. இல்லன்னா தாள் சுத்தின கடலை மிட்டாய். ஸ்டேப்ளர் பின் அடிச்ச பெட்டியா பாத்து வாங்காதீங்க, உடைஞ்ச ஊசிக்கே கணக்கு வைக்கிற ஏற்றுமதி யூனிட்டுகள்ல பின்னை உள்ள விடமாட்டாங்க.

போட்டோ எச்ஆர்கிட்ட கேட்டுட்டு கேட்டுக்கு வெளிய எடுங்க. பின்னாடி சாம்பிள் ஷூ தெரியக்கூடாது. இன்னும் கடைக்கே வராத மாடல் உங்க ஸ்டேட்டஸ்ல வந்துட்டா மேல இருந்து கேள்வி வரும்.

காட்பாடி_ஜங்ஷன்:
ராமநாதபுரத்துக்கு நேர் வண்டி திருப்பதி–ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ். காட்பாடி, வேலூர் கண்டோன்மென்ட், திருவண்ணாமலை, விழுப்புரம் வழியா வரும். தினமும் ஓடாது, ஓடுற நாளைப் பாத்துட்டு கிளம்புற தேதியை முடிவு பண்ணுங்க. பௌர்ணமி வருதான்னும் காலண்டர்ல பாருங்க. கிரிவலக் கூட்டத்துல அந்த லைன் ரயிலும் வேலூர்–திருவண்ணாமலை பஸ்ஸும் கால் வைக்க இடம் இருக்காது, மூட்டையோட ஏறவே முடியாது.

டிக்கெட் இல்லன்னா தட்கல்: வண்டி கிளம்புறதுக்கு முந்தின நாள் ஏசிக்கு காலைல 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. ஆன்லைன்ல எடுக்க அக்கவுண்ட்ல ஆதார் சரிபார்ப்பு முடிச்சிருக்கணும், அதை முன்னாடியே பண்ணிடுங்க. ஸ்லீப்பர்ல ஒருத்தருக்கு 40 கிலோ வரைக்கும் இலவசம், பெட்டி 100×60×25 செ.மீ. தாண்டக்கூடாது. மெத்தை, பக்கெட்டை எல்லாம் அடுத்து வர்ற பையனுக்கு வித்துட்டு வாங்க.

பிரியாணி வீட்டுக்கு வாங்கிட்டுப் போகணும்னு தோணும். இந்த வெயில்ல சூடா கட்டின மட்டன் பிரியாணி ராத்திரிப் பயணத்தைத் தாங்காது. ஆம்பூர்லயே சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க. வீட்டுக்கு பேடா போதும், பாகு வடிச்சுக் கட்டச் சொல்லுங்க.

பிஜி (தங்கியிருக்கிற ரூம்) அட்வான்ஸ் வாங்காம சாவியைக் குடுத்துடாதீங்க. கரண்ட் மீட்டரையும் காலியான ரூமையும் போட்டோ எடுத்து, ஓனர் முன்னாடியே கணக்கு பாத்து, ஜிபேல பணம் விழுந்ததும் சாவி. ஞாயித்துக்கிழமை கிளம்புறதா இருந்தா இதைச் சனிக்கிழமை ராத்திரியே முடிச்சுடுங்க, காலைல ஓனர் போன் எடுக்கமாட்டார்.