பஸ்ஸில் இறங்கும் இடமும் வாய்க்கால் கரை நடையும்: பார்வையற்றவங்களுக்கு எந்த ஜிபிஎஸ் ஆப் சரிப்படும்?

ஆலங்குடி ரோடு டீச்சர்:

வணக்கம். நான் முழுப் பார்வையற்றவள். கும்பகோணத்துல வீடு. வலங்கைமானுக்கும் ஆலங்குடிக்கும் நடுவுல ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துல வேலை. இதுவரைக்கும் தங்கச்சி ஸ்கூட்டியில கொண்டாந்து விட்டா. அவளுக்குக் கல்யாணம் ஆகித் திருச்சி போறா. இனிமே நீடாமங்கலம் பஸ்தான்.

சிக்கல் ரெண்டு. நான் இறங்குற ஸ்டாப்புல நிழற்குடைகூடக் கிடையாது, ஒரு புளியமரம்தான் அடையாளம். கண்டக்டர்கிட்ட சொல்லி வெச்சாலும் காலைக் கூட்டத்துல அவருக்கு மறந்துபோயிடுது. ஒத்திகையா போய்ப் பார்த்தப்ப அடுத்த ஸ்டாப்புல இறக்கிவிட்டு, "கொஞ்ச தூரந்தாம்மா, நடந்துடுங்க"ன்னுட்டார். எந்தப் பக்கம் நடக்கறது?

ரெண்டாவது, இறங்கினதும் மெயின் ரோட்டைத் தாண்டணும், வாய்க்கால் பாலத்துல ஏறணும், அப்புறம் கரை ரோட்டுல அரை கிலோமீட்டர் போல நடக்கணும். கைப்பிடிச் சுவர் பாலத்துக்கு மட்டும்தான். கரையில ஒண்ணும் கிடையாது.

போன் ஆண்ட்ராய்டு, திரையில இருக்கறதைப் படிச்சுச் சொல்ற டாக்பேக் வெச்சிருக்கேன். ஊருக்குள்ள நெட் வந்தா வரும், இல்லேன்னா இல்லை. ஐபோன் வாங்கினா எல்லாம் சரியாயிடும்னு கூடப் படிச்சவ சொல்றா. லோன் போட்டு வாங்கலாமா?

குத்தாலம் பையன்:

கூகுள் மேப்ஸ் போதுமே மேடம். மைக்ல ஊர் பேரைச் சொன்னா அதுவே கூட்டிட்டுப் போகுது. பைக்ல அதை நம்பித்தான் வேதாரண்யம் வரைக்கும் போயிட்டு வந்தேன்.

வெண்கோல்:

தம்பி, பைக்ல போற உங்களுக்கு ரோடு எங்க இருக்குன்னு கண்ணு சொல்லிடுது, எங்க திரும்பணும்னு மட்டும் போன் சொன்னா போதும். எங்களுக்கு அப்படியே தலைகீழ். டீச்சருக்கு எங்க திரும்பணும்னு நல்லாவே தெரியும். இப்ப எங்க நிக்கறோம், எந்தப் பக்கம் பார்த்து நிக்கறோம், அதுதான் தெரியணும்.

டீச்சர், நானும் பார்வையற்றவன்தான், கும்பகோணத்துல பேங்க் வேலை. ஒரே ஆப் எல்லாத்துக்கும் உதவும்னு தேடாதீங்க. பஸ்ஸுக்கு ஒண்ணு, நடைக்கு ஒண்ணுன்னு வெச்சுக்கங்க.

முதல்ல பஸ். இதுக்கு கூகுள் மேப்ஸ் போதும், ஆனா கார் முறையில போடுங்க. ஸ்டாப் நெருங்க நெருங்க தூரத்தைச் சொல்லிட்டே வரும். அந்தப் புளியமரத்தை மேப்புல குறிக்கறதுதான் வேலை. டாக்பேக் வெச்சுக்கிட்டு மேப்பை விரலால அழுத்திக் குறிக்கறது பெரும்பாடு. அதனால ஊருக்குக் கிளம்பறதுக்குள்ள தங்கச்சியோட ஒரு தடவை போய், மரத்தடியில நின்னு, வாட்ஸ்அப்புல இப்போதைய இருப்பிடத்தை உங்களுக்கே அனுப்பிக்கங்க. அனுப்பற பட்டனுக்குக் கீழ எத்தனை மீட்டர் துல்லியம்னு ஒரு வரி இருக்கும், டாக்பேக் அதைப் படிக்கும். முதல்ல முப்பது நாற்பதுன்னு சொல்லும். நின்ன இடத்துலயே கொஞ்ச நேரம் நின்னீங்கன்னா எண் இறங்கும். அஞ்சு, ஆறுக்கு வந்தப்புறம் அனுப்புங்க. அந்தச் செய்தியைத் தட்டினா மேப்ஸ்ல திறக்கும், பேர் போட்டுச் சேமிச்சுக்கலாம்.

பஸ்ல ஜன்னல் சீட்டு பிடிங்க. நடுவுல கூட்டத்துல நின்னா இரும்புக் கூரைக்கு அடியில சிக்னல் தடுமாறும். ஒரு கிலோமீட்டர்னு போன் சொன்னதும் கண்டக்டருக்குக் குரல் கொடுங்க. நினைவுபடுத்தறது உங்க கையில இருக்கணும், அவர் கையில இல்ல.

அடுத்தது நடை. இங்க கூகுளை மட்டும் நம்ப முடியாது, காரணம் ரெண்டு. ஆஃப்லைன் மேப் இறக்கி வெச்சிருந்தாலும் அது கார் வழி மட்டும்தான் தரும், நடைவழிக்கு நெட் வேணும். அடுத்து, "தென்கிழக்கு நோக்கிச் செல்லவும்"னு ஆரம்பிக்கும். புளியமரத்தடியில தென்கிழக்கை எங்கேன்னு தேடறது? பார்வையற்றவங்களுக்கான விரிவான நடைக்குரல்னு 2019-ல கூகுள் ஒண்ணு கொண்டுவந்தாங்க. முதல்ல அமெரிக்க ஆங்கிலத்துக்கும் ஜப்பானிய மொழிக்கும்தான் வந்தது. உங்க போன் அமைப்புல இருக்கான்னு பாருங்க, இருந்தா லாபம்.

நான் நடைக்கு வெச்சிருக்கறது ஓஎஸ்எம்ஆண்ட்னு ஒரு மேப் ஆப். தமிழ்நாடு மேப்பை வீட்டு வைஃபைல இறக்கிட்டா அப்புறம் நெட்டே வேண்டாம். அதோட செருகுநிரல் (பிளகின்) பட்டியல்ல அணுகல்தன்மைன்னு ஒண்ணு இருக்கும், அதை ஆன் பண்ணுங்க. திசையைக் கடிகார முறையில சொல்லச் சொல்லலாம். "2 மணித் திசையில 80 மீட்டர்"னு கேட்டா உடம்பு தானாத் திரும்பும்.

அதுலயே பயணப் பதிவுன்னு இன்னொண்ணு. தங்கச்சி கையைப் பிடிச்சுக்கிட்டு மரத்துல இருந்து பள்ளிக்கூட கேட் வரைக்கும் நடந்து பதிவு பண்ணுங்க. மறுநாள்ல இருந்து அந்தத் தடத்தையே வழியா வெச்சு நடக்கலாம். டெல்டாவுல இது ரொம்ப முக்கியம். ஏன்னா தானா வழி கண்டுபிடிக்கற எந்த ஆப்பும் கிட்டப் பாதையைத்தான் தேடும். நம்ம ஊர்ல கிட்டப் பாதைன்னா பெரும்பாலும் வாய்க்கா வரப்பு. ஒரு ஆப் (பேர் வேண்டாம்) என்னை அரசலாத்துப் படுகைக்குள்ள இறக்கிவிட்டுட்டு "இலக்கு வலது பக்கம்"னு சொல்லிச்சு. வலது பக்கம் நாணல்தான் இருந்தது.

டாக்பேக் தம்பி:

அண்ணே சொன்னதோட ஒண்ணு. நின்ன இடத்துல போன் சொல்ற திசையை நம்பாதீங்கக்கா. நிக்கும்போது திசை வர்றது போனுக்குள்ள இருக்கற திசைகாட்டியில இருந்து. பக்கத்துல பஸ்ஸோ இரும்புக் கம்பமோ இருந்தா அது புரளும். காந்தம் வெச்ச கவர் போட்டிருந்தா இன்னும் மோசம், முதல்ல அந்தக் கவரைக் கழட்டுங்க. போனை எட்டு வரையற மாதிரி காத்துல சுழற்றினா ஓரளவு சரியாகும். தெரிஞ்ச பக்கமா பத்து அடி நடந்துட்டீங்கன்னா அப்புறம் நகர்ற திசையை வெச்சுச் சொல்லும், அது நம்பலாம்.

நன்னிலம்:

இதுக்கெல்லாம் ஏன் இவ்வளவு பாடு? டெல்லி ஐஐடியில செஞ்ச ஸ்மார்ட்கேன் இருக்கே, எதிர்ல எது வந்தாலும் அதிரும். அதை வாங்குங்க.

வெண்கோல்:

நல்ல கருவிதான் சார், நான் குறை சொல்லல. ஆனா அது முழங்காலுக்கு மேல, தலை வரைக்கும் வர்ற தடையைச் சொல்றதுக்காகச் செஞ்சது. தாழ்ந்த மரக்கிளை, நிறுத்தியிருக்கற டிராக்டர் டிரெய்லர், இதுக்கெல்லாம் பிரமாதம். வாய்க்கா ஒரு பள்ளம். பள்ளத்தைக் கண்டுபிடிக்கறது கோல் நுனி மட்டும்தான்.

இதையும் சொல்லிடறேன். திறந்த வெளியிலயே போன் ஜிபிஎஸ் ஒரு அஞ்சு மீட்டர் முன்னப்பின்னத்தான் இருக்கும். மரம், மூங்கில் கொல்லைன்னா இன்னும் விலகும். கரை ரோட்டோட மொத்த அகலமே அவ்வளவுதான். அதனால நீங்க ரோட்டுல இருக்கீங்களா, விளிம்புல இருக்கீங்களா, தண்ணியில இருக்கீங்களான்னு எந்த ஆப்பாலயும் சொல்ல முடியாது, ஐபோனாலயும் முடியாது. வாய்க்காலுக்கு எதிர்ப்பக்கம் வயல் ஓரமா புல் விளிம்பைக் கோலால தொட்டுக்கிட்டே நடங்க. போன் பாலம் வந்தாச்சா, கேட் வந்தாச்சான்னு சொன்னா போதும்.

தண்ணிச் சத்தத்தை அடையாளமா வெச்சுக்காதீங்க. வழக்கமா ஜூன் 12-ல மேட்டூர் அணை திறந்து தண்ணி வந்தப்புறம் மதகுல இரைச்சல் கேட்கும். ஜனவரி 28-க்கு அப்புறம் மூடிட்டா வாய்க்கா காய்ஞ்சு கிடக்கும், சத்தமே இருக்காது. பள்ளம் மட்டும் அங்கேயேதான் இருக்கும். அறுவடை நேரத்துல ரோட்டுல பாதியை நெல் காயப் போட்டு, ஓரத்துல கல் அடுக்கி வெச்சிருப்பாங்க. அப்ப உங்க புல் விளிம்பே மாறிப்போயிடும். அந்த வாரங்கள்ல யாரையாவது துணைக்குச் சேர்த்துக்கறது நல்லது.

மாயவரம் ஜங்ஷன்:

ஐபோன் வெச்சிருக்கறவன் பேசறேன். மைக்ரோசாஃப்ட் 2018-ல சவுண்ட்ஸ்கேப்னு ஒரு ஆப் விட்டாங்க. போக வேண்டிய இடத்துல இருந்தே மணி அடிக்கற மாதிரி சத்தம் காதுல விழும். இடது காதுல கேட்டா இடம் இடது பக்கம், நேரா திரும்பினா ரெண்டு காதுலயும் சமமா கேட்கும். 2023-ல நிறுத்திட்டாங்க, ஆனா நிரலைப் பொதுவுல விட்டாங்க. அதுல இருந்து வந்த வாய்ஸ்விஸ்டாவை இப்ப நான் வெச்சிருக்கேன், இலவசம். பிளைண்ட்ஸ்கொயர்னு இன்னொண்ணு, அது காசு, ஐபோனுக்கு மட்டும்.

மாயவரம் மணிக்கூண்டு பக்கம் நடந்தா ஆப் வாய் ஓயாது, பேங்க், துணிக்கடை, மெடிக்கல்னு அடுக்கிட்டே போகும். எங்க சொந்தக் கிராமத்துல போட்டா "சாலை"ன்னு ஒரு வார்த்தை, அப்புறம் மௌனம். வாய்ஸ்விஸ்டாவோ, அண்ணே சொன்ன ஓஎஸ்எம்ஆண்டோ, எல்லாம் எடுக்கறது ஓபன்ஸ்ட்ரீட்மேப்புல இருந்து, அது யார் வேணும்னாலும் திருத்தற பொது மேப். அங்க ஊரைப் பத்தி ஒண்ணும் இல்லேன்னா எந்த விலை போனும் ஒண்ணும் சொல்லாது. இதுக்காக லோன் போடாதீங்க டீச்சர். ஆண்ட்ராய்டுலயே சுத்துவட்டாரத்தைச் சொல்ற ஆப் வேணும்னா லாசரில்லோ இருக்கு, சிலியில செஞ்சது, அதுவும் இலவசம். கும்பகோணம் டவுனுக்குள்ள பயன்படும்.

என்னிக்காவது ரயில்ல வந்தீங்கன்னா 'வேர் இஸ் மை ட்ரெயின்' போட்டுக்கங்க. செல் டவரை வெச்சே எந்த ஸ்டேஷன்னு சொல்லிடும், நெட்டும் வேண்டாம், ஜிபிஎஸ்ஸும் வேண்டாம். நான் ஆடுதுறைக்கு அலாரம் வெச்சுட்டுத் தூங்கறவன்.

ஓஎஸ்எம் தஞ்சாவூர்:

பார்வையுள்ளவன்தான், ஓபன்ஸ்ட்ரீட்மேப்புல டெல்டா பக்கம் திருத்தறவன். டீச்சர், அந்தப் பதிவு பண்ணின தடத்தை ஜிபிஎக்ஸ் கோப்பா (நடந்த தடத்தைச் சேமிக்கற கோப்பு) எனக்குத் தனிச்செய்தியில அனுப்புங்க. பள்ளிக்கூடம், பாலம், மதகு, பஸ் ஸ்டாப், டிரான்ஸ்ஃபார்மர், ரேஷன் கடைன்னு வழியில இருக்கறதை எல்லாம் ஏத்திடலாம். பேரைத் தமிழ்லயும் போடறேன், ஆப்புல மேப் மொழியைத் தமிழ்னு வெச்சுக்கங்க. இல்லேன்னா ஆங்கிலக் குரல் வலங்கைமானைச் சொல்றதைக் கேட்டுட்டு வேற மாநிலத்துல இருக்கோமோன்னு நினைச்சுக்குவீங்க.

ஆலங்குடி ரோடு டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. தங்கச்சியோட போய் மரத்தடியிலயே நின்னு குறிச்சாச்சு. பஸ்ல சரியா வேலை செய்யுது. நான் குரல் கொடுத்ததும் கண்டக்டர், "உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"ன்னு கேட்டார்.

தடமும் பதிவாயிடுச்சு. ஆனா நடக்கும்போது போனைப் பூட்டிக் கைப்பையில போட்டா கொஞ்ச நேரத்துல ஓஎஸ்எம்ஆண்ட் பேச்சை நிறுத்திடுது. திறந்தா மறுபடி ஆரம்பிக்குது. ஒரு கையில கோல், ஒரு கையில சாப்பாட்டுப் பை, போனைத் திறந்தே பிடிச்சுக்கிட்டு நடக்க முடியல.

டாக்பேக் தம்பி:

அது ஆப் தப்பு இல்லக்கா, போன் பேட்டரியை மிச்சம் பிடிக்கறேன்னு பின்னாடி ஓடறதைக் கொல்லுது. அமைப்புகள்ல ஆப்ஸ் போய், ஓஎஸ்எம்ஆண்ட், பேட்டரி, அங்க 'கட்டுப்பாடற்றது'ன்னு வைங்க. இருப்பிட அனுமதியையும் பாருங்க. துல்லியமான இருப்பிடம் ஆன்ல இருக்கணும். சில கம்பெனி போன்ல ஆட்டோஸ்டார்ட்னு தனியா ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதையும் போட்டுடுங்க. கூகுள் மேப்ஸுக்கும் இதே மாதிரி செஞ்சு வைங்க.

காதுல என்ன போட்டிருக்கீங்க? ரெண்டு காதையும் அடைக்கற இயர்போன் வேண்டவே வேண்டாம். எலும்பு வழியா கேட்கற ஹெட்போன் இருந்தா காது திறந்தே இருக்கும். இல்லேன்னா ஒரு காதுல மட்டும் போடுங்க, வண்டி வர்ற பக்கத்துக் காது காலியா இருக்கட்டும்.

வெண்கோல்:

மெயின் ரோட்டைத் தாண்டறதைப் பத்தி யாரும் பேசலியே. அதுக்கு ஆப் கிடையாது. இறங்கின உடனே பஸ்ஸுக்குப் பின்னாடி தாண்டாதீங்க, எதிர்ல வர்றவனுக்கு நீங்க தெரிய மாட்டீங்க, பஸ் இன்ஜின் சத்தத்துல உங்களுக்கும் அவன் கேட்காது. பஸ் போய்ச் சத்தம் அடங்கட்டும். அந்த நேரத்துக்கு உங்க பள்ளிக்கூடப் பிள்ளைங்க யாராவது அதே பஸ்ல வருவாங்களே?

ஆலங்குடி ரோடு டீச்சர்:

வருதுங்க சார், ஆறாங்கிளாஸ் பிள்ளைங்க ரெண்டு வலங்கைமான்ல ஏறுதுங்க. ரோட்டைத் தாண்டறவரைக்கும் கூட வரச் சொல்லியிருக்கேன். அப்புறம் அதுங்க ஓடிடும், நான் என் வேகத்துல வருவேன்.

பேட்டரி மாத்தினதும் பேச்சு நிக்கல. ஐபோன் யோசனையை விட்டாச்சு, அந்தக் காசுல எலும்பு ஹெட்போன் சொல்லியிருக்கேன். ஜிபிஎக்ஸ் அனுப்பிட்டேன், ஓஎஸ்எம் சார், வந்துதா?

ஓஎஸ்எம் தஞ்சாவூர்:

வந்தது டீச்சர். பாலமும் பள்ளிக்கூடமும் ஏத்தியாச்சு. ஓஎஸ்எம்ஆண்ட்ல மாசாந்திர மேப் வரும்போது இறக்கிக்கங்க. தடத்துல பாலம் தாண்டி ஒரு இடத்துல நீங்க ரொம்ப நேரம் நின்னிருக்கீங்க, அது மதகா?

ஆலங்குடி ரோடு டீச்சர்:

இல்ல சார், அது டீக்கடை. அதையும் போட்டுடுங்க.