303ஆம் பிரிவும் அரசின் பொறுப்பும்

வாவிக்கரை, மட்டக்களப்பு:
1883இல் பிரித்தானியர் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவே இலங்கையில் இன்றும் நடைமுறையில் உள்ளது. தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றி வேறெக்காரணத்திற்காகக் கருவைக் கலைத்தாலும் 3 ஆண்டுகள் வரையும், சிசுவின் அசைவு தெரிந்தபின் கலைத்தால் 7 ஆண்டுகள் வரையும் சிறை விதிக்கலாம். தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளியே. பிரித்தானியா 1967இலும் இந்தியா 1971இலும் தத்தமது சட்டத்தைத் தளர்த்திவிட்டன. வல்லுறவினால் கருவுற்ற சிறுமியைப் பிள்ளை பெறும்படி கட்டாயப்படுத்த அரசுக்கு என்ன உரிமை இருக்கிறது?

நிந்தவூரான்:
சகோதரி, அச்சிறுமியை நினைத்தால் என் மனமும் பதறுகிறது. ஆயினும் முறையிட வாயில்லாத ஓர் உயிருக்காகப் பேச அரசை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? தகப்பன் செய்த குற்றத்திற்குச் சிசுவைத் தண்டிப்பது நீதியாகாது. வல்லுறவு போன்ற காரணங்களுக்காகக் கருக்கலைப்பை அனுமதிக்கும் திருத்தம் 1995இல் பாராளுமன்றத்திற்கு வந்து எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. 2017இல் அத்தகைய திருத்தத்திற்கு அமைச்சரவை இணங்கியபோதும் கத்தோலிக்கத் திருச்சபை உறுதியாக எதிர்த்தது. மக்களின் நம்பிக்கையை மீறிச் சட்டம் செய்ய அரசு துணியக் கூடாது.

படுவான்கரை:
நான் குடும்பநல உத்தியோகத்தராகப் பணியாற்றுகிறேன். தடை இருப்பதனால் கருக்கலைப்பு நின்றுவிடவில்லை. பணமுள்ளவர்கள் இரகசியமாக வைத்தியரை நாடுகிறார்கள். இல்லாதவர்கள் கண்ட மருந்தையும் விழுங்கிவிட்டு, இரத்தப்போக்கு மிஞ்சிய பின்னரே, பொலிசுக்குப் பயந்து பயந்து வைத்தியசாலைக்கு வருகிறார்கள். நடந்ததை மறைப்பதால் சிகிச்சையும் தாமதமாகிறது. கருத்தடைச் சாதனங்கள் எங்கள் கிளினிக்கில் கிடைத்தாலும், மணமாகாத பெண்ணொருத்தி அவற்றைக் கேட்டு வந்ததை நான் கண்டதில்லை. சிசுவைக் காக்க விரும்பும் அரசு, பாடசாலையில் பாலியல் கல்வியை ஒழுங்காகக் கற்பிப்பதிலிருந்தல்லவா தொடங்கியிருக்க வேண்டும்?

நிந்தவூரான்:
கல்வி வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வல்லுறவு வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடும் இந்நாட்டில், கரு வளர்ந்துவிடுவதற்குள் குற்றத்தை உறுதிப்படுத்துவது யார்? விதிவிலக்கு என்று ஒன்றைத் திறந்துவிட்டால், எல்லோரும் அதன் வழியே நுழைவார்கள்.

வாவிக்கரை:
தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பொலிஸ் முறைப்பாடும் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையும் போதுமென்று சட்டத்திலேயே எழுதலாம். பாலுறவுக்குப் பெண்ணின் சம்மத வயது 16 என்று நமது சட்டம் ஏற்கெனவே வரையறுத்திருப்பதால், அதற்குக் குறைந்த, மணமாகாத சிறுமியின் விடயத்தில் அவளுடைய பிறப்புச் சான்றிதழையே ஆதாரமாகக் கொள்ளலாம். முதலில் அச்சிறுமிகளுக்காவது விலக்களிக்கச் சம்மதிப்பீர்களா, சகோதரரே?