இல்மனைட் கணக்கில் 2 கன மீற்றருக்கு 0.94 கிலோ வருகிறது, எங்கே பிழை?

திருமலை_உயர்தரம்:
புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணலை வைத்துத் தந்த கணக்கு இது. இல்மனைட் அந்த மணலில் உள்ள, இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த கனிமம். இல்மனைட்டின் அடர்த்தி 4.70 கிராம்/செ.மீ³. 2.00 மீ³ திண்ம இல்மனைட்டில் எத்தனை கிலோகிராம் டைட்டேனியம் இருக்கும்? 1 மீற்றர் 100 செ.மீ என்பதால் 4.70 ஐ 100 ஆல் பெருக்கி, கிலோவுக்காக 1000 ஆல் பிரித்தேன். 0.47 கி.கி/மீ³ வந்தது. அப்படியென்றால் முழு இல்மனைட்டுமே 0.94 கிலோதான். விடை 2970 கிலோ என்று போட்டிருக்கிறது.

37% ஐதரோகுளோரிக் அமிலக் கணக்கிலும் (அடர்த்தி 1.18) எனக்கு 10.1 மூல்/தெ.மீ³ (1 தெ.மீ³ = 1 லீற்றர்) வருகிறது, விடை 12.0. இரண்டிலும் விட்டது ஒரே பிழையா?

கொட்டியாரக்கரை:
இரண்டும் வேறு வேறு பிழை தம்பி. முதலாவதை நான் சொல்கிறேன்.

0.47 கி.கி/மீ³ என்று வந்ததுமே பேனாவை வைத்திருக்க வேணும். நாங்கள் சுவாசிக்கும் காற்றே ஏறக்குறைய 1.2 கி.கி/மீ³. கறுப்பு மணல் காற்றைவிட இலேசாக இருக்க ஏலாது. தண்ணீர் 1000 கி.கி/மீ³, தண்ணீரில் தாழும் எந்தத் திண்மத்துக்கும் அதைவிடக் கூடத்தான் வரவேணும்.

நீங்கள் மாற்றியது நீளத்தை. கேட்டது கனவளவு. ஒரு மீற்றர்ப் பெட்டிக்குள் 1 செ.மீ கனங்களை அடுக்கிப் பாருங்கள்: ஒரு வரிசையில் 100, ஒரு தட்டில் 100 வரிசை, மேலே மேலே 100 தட்டு. மொத்தம் 10,00,000. ஆகவே

4.70 கிராம்/செ.மீ³ × 10,00,000 செ.மீ³/மீ³ × 1 கி.கி/1000 கிராம் = 4700 கி.கி/மீ³

ஒவ்வொரு எண்ணோடும் அதன் அலகை எழுதி, மேலேயும் கீழேயும் வரும் ஒரே அலகைப் பென்சிலால் வெட்டுங்கள். கடைசியில் கி.கி/மீ³ மட்டும் மிஞ்சினால் பாதை சரி. நீங்கள் 100 ஆல் பெருக்கிய வரியில் செ.மீ³ வெட்டுப்படாமல் அப்படியே நிற்கும். பிழை அங்கேயே கண்ணில் படும்.

மிச்சம் சுகம். 2.00 மீ³ என்றால் 9400 கிலோ. இல்மனைட்டில் ஓர் இரும்பு, ஒரு டைட்டேனியம், மூன்று ஒட்சிசன். சார் அணுத்திணிவுகளைக் கூட்டினால் 55.85 + 47.87 + 48.00 = 151.72. டைட்டேனியத்தின் பங்கு 47.87/151.72 = 0.3155. 9400 ஐ அதால் பெருக்க 2966, மூன்று பொருளுடை இலக்கத்தில் 2970 கிலோ. இடையில் 0.32 என்று மட்டந்தட்டினால் 3008 வந்து விடை நழுவிவிடும். கடைசி வரியில் மட்டும் மட்டந்தட்டுங்கள்.

பிறையுரு:
அமிலக் கணக்கில் 37% என்பது திணிவுச் சதவீதம். 100 கிராம் கரைசலில் 37 கிராம் ஐதரசன் குளோரைட்டு. நீங்கள் அதை 100 செ.மீ³ இல் 37 கிராம் என்று எடுத்திருக்கிறீர்கள். அடர்த்தியைத் தொடாமலே விடை வந்துவிட்டதே, அதைக் கவனித்தீர்களா? வினாவில் தந்த ஓர் எண் பாவிக்கப்படாமல் கிடந்தால் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

1 தெ.மீ³ இல் இருந்து தொடங்குங்கள்:
1000 செ.மீ³ × 1.18 = 1180 கிராம் கரைசல்
1180 × 0.37 = 436.6 கிராம் ஐதரசன் குளோரைட்டு
436.6 ÷ 36.46 (ஐதரசன் குளோரைட்டின் மூலர்த் திணிவு) = 11.97, அதாவது 12.0 மூல்/தெ.மீ³

இதிலிருந்து 0.100 மூல்/தெ.மீ³ கரைசல் 250 செ.மீ³ செய்ய 0.0250 மூல் வேணும். 0.0250 ÷ 11.97 = 0.00209 தெ.மீ³, அதாவது 2.09 செ.மீ³. ஆய்வுகூடத்தில் செய்வதென்றால் புகையலமாரிக்குள், குடுவையில் முதலில் தண்ணீர், பிறகுதான் அமிலம். போத்தலைத் திறக்கத் திறக்க வாயு வெளியேறிச் செறிவு குறைந்துகொண்டே போகும். அதனால் செய்த கரைசலை 0.100 என்று எழுதி ஒட்டாமல், நீரற்ற சோடியம் காபனேற்றோடு நியமித்து (அதோடு தாக்கமுறச் செய்து உண்மைச் செறிவைக் கண்டு) வரும் பெறுமானத்தை எழுதுங்கள்.

திருமலை_உயர்தரம்:
இப்ப விளங்குது, நன்றி. இன்னொரு சந்தேகம். 1 லீற்றர்ப் பாத்திரம் நிறைய அந்த மணலை அள்ளினால் 4.7 கிலோ நிற்குமா?

கொட்டியாரக்கரை:
நிற்காது. அள்ளிய மணலில் பத்தில் நாலு பங்களவு பருக்கைகளுக்கு இடையிலான காற்று. 4.7 × 0.6, கிட்டத்தட்ட 2.8 கிலோதான் எதிர்பார்க்கலாம். உங்கள் வினாவில் “திண்ம” என்ற சொல் சும்மா போட்டதில்லை.

பருக்கையின் அடர்த்தி வேணுமென்றால் தண்ணீரை இடம்பெயர்க்க வேணும். 50 செ.மீ³ அளவுச்சாடியில் 25.0 வரை தண்ணீர். 47.0 கிராம் உலர்ந்த மணலை மெல்ல மெல்லக் கொட்டுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் காற்றுக் குமிழி சிக்கிக் கனவளவு கூடிவிடும், அடர்த்தி குறைந்துவிடும். ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, சாடியை விரலால் தட்டினால் குமிழி மேலே வரும். நீர்மட்டம் வளைந்து நிற்கும் பிறையுருவின் அடியைக் கண்மட்டத்தில் வைத்து வாசியுங்கள். 35.0 என்றால் 47.0 ÷ 10.0 = 4.70.

கடற்கரை மணலில் இவ்வளவு வராது. திணிவில் பத்து வீதம் குவாட்ஸ் (2.65) கலந்திருந்தாலே 4.36 ஆக இறங்கும். மணலைத் தாளில் பரப்பி அடியில் வலுவான நியோடிமியம் காந்தத்தை இழுத்தால் இல்மனைட் கூடவே வரும், குவாட்ஸ் பின்தங்கிவிடும்.

திருமலை_உயர்தரம்:
அப்ப கடல்நீர் 1 கிலோவில் 35 கிராம் உப்பு, அடர்த்தி 1.025 என்றால், 1 லீற்றரில் 35.9 கிராம். சரியா?

பிறையுரு:
சரி. 1025 கிராமில் 35 இன் பங்கு, 35.9. ஆனால் இந்த எண்ணைக் கொட்டியாரக் குடாவுக்கு அப்படியே போடாதீர்கள். மகாவலி ஆறு வந்து விழும் இடம் அது. மாரியில் நன்னீர் கலந்து உப்பும் குறையும், அடர்த்தியும் குறையும். அங்கே அள்ளிய நீரென்றால் இரண்டையும் அளந்துதான் கணக்குப் போட வேணும்.