பழைய லவுட்ஸ்பீக்கர் செற் வால்வ் அம்பிளிபயர்: ஒரு ஈஎல்34 சிவக்குது, பேஸ் கிற்றாருக்குச் சரிவருமோ?

கேள்வி (கொக்குவில்)

லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விடுற கடையொண்டில் கனகாலம் சும்மா கிடந்த வால்வ் அம்பிளிபயர் ஒண்டு கைக்கு வந்திருக்கு. பேஸ் கிற்றாருக்குப் பாவிக்க விருப்பம். பவர் வால்வ் ஈஎல்34 இரண்டு, முன்னுக்கு வாற சின்ன வால்வ் ஈசிசி83 இரண்டு. றெக்ரிபையர் வால்வ் இல்லை, டயோட். பின்பக்கம் ஸ்குரூ ரேமினலில் 0, 4, 8, 15, 100 வோல்ற் எண்டு எழுதியிருக்கு. முன்னுக்கு மைக் இன்புட் இரண்டு, கிராம் (இசைத்தட்டு) இன்புட் ஒண்டு. மெயின்ஸ் வயர் இரண்டு கம்பிதான், எர்த் இல்லை. மெயின்ஸ் வோல்ற்றேஜ் மாத்துற கட்டை 220இல் நிக்குது.

8 ஓம்ஸ் ஸ்பீக்கர் பூட்டி நேரடியாக் கரண்ட் குடுத்தன். இரண்டு நிமிசத்தில் ஒரு ஈஎல்34இன் பிளேட் தணல் மாதிரிச் சிவந்திட்டுது, மற்றது சாதாரணம். ஸ்பீக்கரில் பெரிய உறுமல். உடனை நிப்பாட்டிப்போட்டன். வால்வ் பழுதோ? புதுச் சோடி எடுப்பிக்கவோ?

பதில் (சுன்னாகம்)

வால்வுக்கு இப்ப காசு குடுக்காதேங்கோ தம்பி. ஒண்டு மட்டும் சிவக்குதெண்டால் முதல் சந்தேகம் அதின்ரை கிறிட்டுக்கு வாற கப்ளிங் கப்பாசிற்றரில்தான். மெழுகு பூசின கடதாசிக் கப்பாசிற்றராய் இருந்தால் இவ்வளவு வருசத்தில் ஈரம் குடிச்சு ஒழுகும். அதின்ரை ஒரு கால் ஈசிசி83 பக்கத்தில் 200 வோல்ற்றுக்கு மேலை நிக்குது. கொஞ்சம் கசிஞ்சாலும் மற்றக் காலில் இருக்கிற மைனஸ் பயஸை (வால்வின்ரை கரண்டைக் கட்டுப்படுத்துற மைனஸ் வோல்ற்றேஜை) திண்டுபோடும், வால்வ் அளவில்லாமல் கரண்ட் இழுக்கும். புது வால்வைச் செருகினாலும் அதே இரண்டு நிமிசம்தான்.

பாக்கிற முறை: இரண்டு ஈஎல்34ஐயும் கழட்டுங்கோ, ஈசிசி83 இருக்கட்டும். மீற்றரின்ரை கறுப்பைச் சேசிசில் (செற்றின்ரை உலோகச் சட்டத்தில்) கிளிப் பண்ணிவிட்டு, சிவப்பால் ஒவ்வொரு சொக்கற்றிலும் 5ஆம் பின்னைத் தொடுங்கோ. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மைனஸ் காட்ட வேணும். ஒரு பக்கம் குறைவெண்டால் அந்தப் பக்கக் கப்பாசிற்றர் முடிஞ்சுது. இரண்டும் சமமெண்டால் வால்வுகளை இடம் மாத்திப் போடுங்கோ. சிவப்பு வால்வோடை போனால் வால்வ் பழுது, அதே சொக்கற்றில் நிண்டால் சொக்கற்றைப் பாருங்கோ. கடற்காத்து பட்ட செற்றுகளில் 5ஆம் பின் கிளிப் பச்சை பிடிச்சு, பயஸ் வால்வுக்குப் போய்ச் சேராமலே நிக்கும். வெளியில் சோல்டர் பண்ணின இடத்தில் வோல்ற்றேஜ் சரியாக் காட்டும், கிளிப்புக்குள்ளை காட்டாது. இரண்டு இடத்திலும் அளவுங்கோ.

ஈஎல்34 இல்லாமல் எச்ரி (வால்வ் பிளேட்டுக்குப் போற உயர் வோல்ற்றேஜ்) நல்லா ஏறும். பழைய கப்பாசிற்றர் தாங்காது, அரை நிமிசத்தில் அளந்திட்டு நிப்பாட்டுங்கோ. ஆனால் கீழை வாற பதில்களையும் படிச்சுப்போட்டுத் தொடுங்கோ.

பதில் (பருத்தித்துறை)

மேலை சொன்னது சரி, ஆனால் அதுக்கு முதல் எர்த். பேஸ் கம்பி உங்கடை கையில், அது ஜாக் வழியாச் சேசிசோடை. வாய் முட்டுற மைக் வேறை மிக்சரில் எர்த் ஆகியிருக்கும். இரண்டு கம்பி வயரோடை இந்தச் செற்றைப் பாவிச்சால் ஆளைக் கொல்லும். மூண்டு கம்பி வயர் போட்டு, எர்த்தைச் சேசிசில் தனிப் போல்ற்றில் இறுக்குங்கோ, ரான்ஸ்போமர் போல்ற்றில் வேண்டாம். மெயின்ஸிலிருந்து சேசிசுக்கு ஒரு கப்பாசிற்றர் போனால், அதை வெட்டி எடுங்கோ. ட்ரிப் சுவிச் இல்லாத இடத்தில் பூட்டவே கூடாது.

இரண்டாவது, பல்ப். உள்ளுக்கு இழை இருக்கிற 100 வாற் பல்பை லைனில் தொடராப் போடுங்கோ. எல்ஈடி சரிவராது. கோழிக்குஞ்சுக்குச் சூடு குடுக்கப் போடுற பல்ப் இதுக்குத் திறம். வால்வ் எல்லாம் கழட்டிவிட்டுக் கரண்ட் குடுத்தால், பல்ப் ஒருக்கா மின்னிப் பிறகு மங்க வேணும். மங்காமல் எரிஞ்சால் ரான்ஸ்போமர், டயோட், பெரிய கப்பாசிற்றர் மூண்டில் ஒண்டு ஷோர்ட்.

1990க்குப் பிறகு இஞ்சை வருசக்கணக்கில் கரண்டே இல்லை. அந்தக் காலத்தில் சும்மா கிடந்த செற்றுகளின்ரை எலக்ரோலிற்றிக் கப்பாசிற்றரை நம்ப ஏலாது, மாத்துங்கோ. 100 மைக்ரோ 350 வோல்ற் இரண்டைத் தொடராப் போட்டு, ஒவ்வொண்டுக்கும் குறுக்கை 220 கே (கிலோ ஓம்) 2 வாற் றெசிஸ்ரர். பயஸ் கப்பாசிற்றரையும் மறக்காதேங்கோ: அதில் பிளஸ் கால்தான் சேசிசுக்கு. கனபேர் பழக்கத்தில் மைனஸைச் சேசிசுக்குப் போட்டு, இரண்டு வால்வையும் சேத்து எரிச்சுப்போடுவினம். சாமான் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எடுக்கலாம்.

நிப்பாட்டின பிறகும் உள்ளுக்கு 400க்கு மேலை நிக்கும். 10 கே 10 வாற் றெசிஸ்ரரைக் கிளிப் வயரில் பூட்டி இறக்கி, மீற்றரில் 10 வோல்ற்றுக்குக் கீழை வந்தாப் பிறகுதான் கை வைக்க வேணும்.

220 கட்டையை 240க்கு மாத்துங்கோ. லைன் 240 ஏறுற நேரம் 220இல் நிண்டால் ஹீற்றருக்கு 6.3க்குப் பதிலா 6.9 வோல்ற் போகும், வால்வின்ரை ஆயுள் குறையும்.

உறுமலைப் பேஸால் பிடியுங்கோ: வெறும் ஜி கம்பியோடை (98 ஹேற்ஸ்) ஒத்துப்போனால் 100 ஹேற்ஸ், பில்ரர் கப்பாசிற்றர். ஈ கம்பி மூண்டாம் கட்டையோடை (49) ஒத்துப்போனால் 50 ஹேற்ஸ், ஹீற்றர் வயர் அல்லது எர்த்.

பதில் (நல்லூர்)

பேஸுக்குச் சரிவருமோ எண்டதை வால்வ் தீர்மானிக்காது, அவுட்புட் ரான்ஸ்போமரின்ரை இரும்புதான் தீர்மானிக்கும். கோயில் கூம்பு ஸ்பீக்கர் 200, 300 ஹேற்ஸுக்குக் கீழை பாடாது. அதுக்கெண்டு செய்த செற்றில் பெரிய இரும்பு போட வேண்டிய தேவை இல்லை. பேஸின்ரை ஈ கம்பி 41 ஹேற்ஸ். சின்ன இரும்பு அதில் காந்தம் நிரம்பி, அதுக்கு மேலை தாங்காது.

சோதிக்கிறது சுகம். 8 ஓம்ஸ் 25 வாற் றெசிஸ்ரர் நாலு: இரண்டிரண்டாத் தொடர், பிறகு சமாந்தரம். 8 ஓம்ஸ் 100 வாற் கிடைக்கும். அதை 8 ரேமினலில் பூட்டி, போனில் ரோன் ஜெனரேற்றர் போட்டு 400 ஹேற்ஸ் குடுத்து, ஸ்கோப்பில் (அலையைத் திரையில் காட்டுற கருவி) அலையின்ரை தலை தட்டையாகிற இடத்தில், மீற்றரில் வாற ஏசி வோல்ற்றேஜை எழுதுங்கோ. பிறகு 41. வோல்ற்றேஜை அதாலேயே பெருக்கி 8ஆல் பிரிச்சால் வாற். 20 வோல்ற் எண்டால் 50 வாற்.

முன்பக்கமும் பேஸை வெட்டும். மைக்குக்கெண்டு 0.0022 மைக்ரோ கப்பாசிற்றரும் 470 கேயும் இருந்தால் வெட்டு 154 ஹேற்ஸில் துவங்கும். 0.022 போட்டால் 15க்கு இறங்கும். கிற்றாருக்குக் கிராம் இன்புட்டைப் பாவியுங்கோ, ஜாக்கிலிருந்து சேசிசுக்கு 1 மெக் (மெகா ஓம்) றெசிஸ்ரர்.

100 வோல்ற் ரேமினலில் ஸ்பீக்கர் பூட்டவே கூடாது. 50 வாற்றுக்கு அது 200 ஓம்ஸ் எதிர்பாக்குது, 8 ஓம்ஸ் அதில் 25இல் ஒண்டு. ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டுறதும் கூடாது, ரான்ஸ்போமர் உள்ளுக்குப் பொறி பறந்து போயிடும்.

கேள்வி கேட்டவர்

5ஆம் பின் ஒண்டில் மைனஸ் 38, மற்றதில் மைனஸ் 11. கப்பாசிற்றர் இரண்டையும் 0.047, 630 வோல்ற் பிலிம் போட்டாச்சு. இப்ப இரண்டும் மைனஸ் 38. பில்ரர், பயஸ், எர்த், பல்ப் எல்லாம் சொன்னபடி. உறுமல் போட்டுது. பழைய வால்வுகளே வேலை செய்யுது. ஸ்கோப் இரவல் வாங்கிப் பாத்தன்: 400இல் 19 வோல்ற், 41இல் 11 வோல்ற்றிலேயே அலை நடுவில் ஒடியுது.

பதில் (நல்லூர்)

19 எண்டால் 45 வாற், 11 எண்டால் 15 வாற். நல்ல விடை, பயப்படாதேங்கோ. ஈ கம்பியின்ரை சத்தத்தில் பெரும்பங்கு 82உம் அதுக்கு மேலையும்தான், அங்கை இரும்பு நல்லாத் தாங்கும். 1960இல் வந்த ஆம்பெக் பி-15 பேஸ் அம்பிளிபயர் வெறும் 25, 30 வாற். மோட்டவுன் பாட்டுகளுக்குப் பேஸ் அடிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் அதைப் பாவிச்சவர். வீட்டுக்கும் றெக்கோடிங்குக்கும் இது அருமை. மேடையில் ட்ரம்சோடை போட்டிபோடப் போதாது, அதுக்கு மைக் வையுங்கோ. இரும்பை மாத்திச் செலவழிக்கிறதை நான் சொல்லமாட்டன்.

ஸ்பீக்கர் 15 அங்குலம் அல்லது 12 இரண்டு, 200 வாற் தாங்குறது, 97 டெசிபெல்லுக்குக் குறையாதது. கூம்பில் பேஸ் அடிச்சால் டயபிரம் கிழியும்.

பதில் (சுன்னாகம்)

பயஸ் மிச்சம். 8ஆம் பின்னும் 1ஆம் பின்னும் சேத்து, சேசிசுக்கு இடையில் 1 ஓம்ஸ் றெசிஸ்ரர். அதில் வாற மில்லி வோல்ற்றே மில்லி அம்பியர். ஈஎல்34 பிளேட்டின்ரை எல்லை 25 வாற், அதில் 70 வீதம் 17.5. உங்கடை எச்ரி 440 எண்டால் 40 மில்லி அம்பியர் மேலெல்லை, 35இல் வையுங்கோ. 4ஆம் பின்னுக்குப் போற ஸ்கிறீன் றெசிஸ்ரர் 100 ஓம்ஸாய் இருந்தால் 1 கே 5 வாற் போடுங்கோ.

கேள்வி கேட்டவர்

எச்ரி 436. பயஸ் றெசிஸ்ரரை மாத்தி ஒண்டு 34, மற்றது 37இல் நிக்குது. சமமாக்க வேணுமோ?

பதில் (சுன்னாகம்)

தேவையில்லை. 5க்குள்ளை வித்தியாசம் இருக்கலாம். அரை மணித்தியாலம் ஓடவிட்டுத் திரும்ப அளவுங்கோ, ஒண்டு மட்டும் ஏறிக்கொண்டு போனால் அந்த வால்வ் காஸ் பிடிச்சது (உள்ளுக்கு வெற்றிடம் கெட்டது). 100 வோல்ற் ரேமினலுக்கு மேலை ரேப் சுத்தி மூடிவிடுங்கோ.