வீட்டில் ஜிக் வார்க்க ஈயம் உருக்கலாமா?

பள்ளத்தூர்த் தூண்டில் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பள்ளத்தூரில் வசிக்கிறேன். கண்மாய் நிறைந்திருக்கும் மாதங்களில் விராலுக்கும், எப்போதாவது தொண்டிப் பக்கம் சென்றால் கொடுவாவுக்கும் தூண்டில் போட்டு வருகிறேன். கடையில் வாங்கிய லூர்கள் (மீனை ஏமாற்றும் செயற்கை இரைகள்) சீமைக்கருவேல வேர்களில் சிக்கி ஒவ்வொன்றாக அறுந்துபோவதால், ஜிக்குகளையும் (தூண்டில் முள்ளின் தலையில் உலோகக் குண்டு வார்த்தவை) மர லூர்களையும் இனி நானே செய்துகொள்ள விரும்புகிறேன். என்னிடம் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகள் ஒரு பையும், பழைய பேட்டரித் தகடுகள் சிலவும் இருக்கின்றன. பின்கட்டில் விறகடுப்பும், அப்பத்தா புழங்கிய இரும்புச்சட்டி ஒன்றும் உள்ளன. அதில் ஈயத்தை உருக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றலாமா? வீட்டைப் பழுதுபார்த்தபோது மிஞ்சிய பர்மா தேக்குத் துண்டுகள் மர லூருக்குச் சரிப்படுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தேவகோட்டைக் கரை எழுதியது:

தம்பிக்கு வணக்கம். பேட்டரித் தகடுகளை இன்றே வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். அவற்றில் அமிலமும் வேறு நச்சுப் பொருள்களும் ஊறியிருப்பதால், அவற்றை வீட்டில் உருக்குவது பெருந்தீங்கு. வலைக்குண்டும் காரீயம்தான். அது 327 டிகிரி செல்சியஸில் உருகும்போது மேலே படியும் சாம்பல் நிறக் கசடு தூளாகிக் கையிலும் துணியிலும் தரையிலும் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து சோற்றுக்குப் போகும். தவழும் குழந்தை உள்ள வீடு என்றால் சொல்லவே வேண்டாம். உணவு சமைத்த சட்டியையோ, இனிச் சமைக்கக்கூடிய சட்டியையோ இதற்குத் தொடாதீர்கள்.

நம் பேச்சில் காரீயம், வெள்ளீயம் இரண்டையும் ஈயம் என்றே சொல்லிவிடுவதால் குழப்பம் வருகிறது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். அதை வெறுமனே அடுப்பில் வைக்கக் கூடாது என்று ஆச்சிமார் சொல்வதற்குக் காரணம், அது 232 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதுதான். ஜிக் வார்ப்பதற்கு நான் பத்தாண்டுகளாக வெள்ளீயத்தையே பயன்படுத்துகிறேன். வாங்கும்போது கட்டியின் முனையைக் காதருகே வைத்து வளைத்துப் பாருங்கள்: நல்ல வெள்ளீயம் கறகறவென்று முனகும், காரீயம் சத்தமின்றி வளையும். காரீயத்தைக் காகிதத்தில் இழுத்தால் பென்சில் போலக் கோடும் விழும். விலை கூடுதல் என்பது உண்மையே. எடையும் குறையும், பத்து கிராம் காரீயம் பிடிக்கும் அச்சில் வெள்ளீயம் ஏறக்குறைய ஆறரை கிராம்தான் பிடிக்கும். ஆனால் கண்மாயில் அது நன்மையே, ஏனெனில் மெதுவாக இறங்கும் ஜிக்கை விரால் கவனிக்க நேரம் கிடைக்கிறது.

அச்சைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நான் தொடங்கிய முதல் ஆண்டில், இரண்டு நாள் வெயிலில் வைத்த பிளாஸ்டர் அச்சு தொட்டுப் பார்க்கக் காய்ந்தே இருந்தது. உள்ளே ஈரம் இருந்திருக்கிறது. உலோகம் உள்ளே போனதும் அந்த ஈரம் ஆவியாகி, அச்சின் வாய்வழியே மொத்தத்தையும் மேலே எறிந்தது. முழங்கைக்குக் கீழே பயறு அளவில் ஏழு தழும்புகள் இன்றும் இருக்கின்றன, கண்ணாடி அணிந்திருந்ததால் கண் தப்பியது. அச்சை ஒரு வாரம் வெயிலில் காயவைத்து, ஊற்றும் முன் அனலில் காட்டிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். முழுக்கைச் சட்டையும் பாதத்தை மூடும் தோல் காலணியும் கட்டாயம், அருகில் தண்ணீர் வைக்கக் கூடாது. உங்கள் தேக்குத் துண்டின் இடம் இதுதான்: இரண்டு பலகைகளில் பாதிப் பாதியாகக் குடைந்தால், ஓரம் கருகும் வரை வெள்ளீயத்துக்கு நல்ல அச்சாக இருக்கும்.

கானாடுகாத்தான் தச்சுப்பட்டறை எழுதியது:

மர லூருக்குத் தேக்கு கனம். நீரில் மிதக்கும், ஆனால் துள்ளாது. வேலியில் நிற்கும் கல்யாண முருங்கையின் காய்ந்த கிளை கைக்கு எடையே தெரியாது, பேனாக்கத்திக்கே இணங்கும். பின்லாந்து மீனவர் லௌரி ராப்பாலா 1936இல் தம் முதல் லூரைத் தக்கையில்தான் செதுக்கினார். அடிபட்டு ஒருக்களித்து நீந்தும் சிறுமீனையே பெரிய மீன் தேடிப் பாய்கிறது என்பதைப் படகிலிருந்து பார்த்துக் கற்றவர் அவர். அந்தத் தள்ளாட்டத்தைத்தான் நாமும் மரத்தில் கொண்டுவர வேண்டும்.

தள்ளாட்டம் நாக்கிலிருந்து, அதாவது லூரின் மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு தகட்டிலிருந்து, வருகிறது. பழைய குறுந்தகட்டிலிருந்து வெட்டிய நாக்கை மூக்கின் கீழே செங்குத்தாகப் பொருத்தினால் லூர் மேல்மட்டத்தில் ஆடும். உடலோடு ஒட்டி முன்னோக்கி நீட்டினால் ஆழம் போகும். மூக்கிலிருந்து வால் வரை ஒரே துருப்பிடிக்காத கம்பியை ஓட்டுங்கள். மரம் உடைந்தாலும் மீன் தூண்டில் முள்ளோடு ஓடிவிடாது. வயிற்றில் துளையிட்டுச் சிறிது வெள்ளீயம் வைத்து, வர்ணம் பூசுவதற்கு முன்பே அண்டாவில் தண்ணீர் நிறைத்து மிதக்கவிடுங்கள். முதுகு மேலே நிற்காமல் பக்கவாட்டில் சாய்ந்தால், எடை இன்னும் கீழே இறங்க வேண்டும். நான் மூன்று லூர்களுக்கு இதைச் செய்யாமல் எப்பாக்சி பூசி முடித்துவிட்டு, மூன்றையும் மறுபடி சுரண்டினேன். பூச்சில் ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் மரம் நீர் குடித்து ஆட்டம் கெட்டுவிடும்.

தாமரையும் கருவேல முள்ளும் அடர்ந்த இடத்துக்கு நாக்கு வைத்த லூர் ஆகாது. அங்கே இரட்டை முள்ளின் முனைகள் முதுகோடு படிந்திருக்கும் தவளை லூர் செய்யுங்கள்.

திருப்பத்தூர்ப் பறவை எழுதியது:

காரீயத்தைக் கைவிட இன்னொரு காரணமும் உண்டு. அறுந்து கண்மாயில் தங்கும் குண்டுகளை, செரிமானத்துக்காகச் சிறுகல் விழுங்கும் நீர்ப்பறவைகள் கல்லோடு கல்லாக விழுங்கிவிடுகின்றன. அன்னங்கள் இவ்வாறு இறந்ததால்தான் பிரிட்டனில் 1987 முதல் 0.06 முதல் 28.35 கிராம் வரையிலான தூண்டில் ஈயக்குண்டுகள் தடைசெய்யப்பட்டன. பறவைகள் சரணாலயக் கண்மாய்கள் உள்ள எங்கள் வேட்டங்குடிப்பட்டியிலும் கொள்ளுகுடிப்பட்டியிலும் பறவைகள் கலைந்துவிடக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அந்தக் கண்மாய்களைத் தேடிவரும் பறவைகள் சுற்றியுள்ள ஊர்க் கண்மாய்களிலும்தான் மேய்கின்றன.

மேலும், விராலின் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் நீரின் மேலே கொப்பளிப்பதைக் கண்டால் அங்கே லூரை வீசாதீர்கள். கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கின்றன. அப்போது அவை எதன்மீதும் பாயும் என்பதால் பிடிப்பது எளிது, ஆனால் அவற்றைப் பிடித்துவிட்டால் அந்தக் குஞ்சுகள் மிஞ்சா.

பள்ளத்தூர்த் தூண்டில் எழுதியது:

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. பேட்டரித் தகடுகளைப் பேட்டரிக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அப்பத்தாவின் சட்டி பரணுக்குப் போய்விட்டது. தேக்கில் ஓர் அச்சைக் குடையத் தொடங்கியிருக்கிறேன். தேவகோட்டை ஐயாவிடம் ஒரு கேள்வி மட்டும் மிச்சம்: பலகைகளை மூடும்போது முள்ளின் தண்டு அசையாமலிருக்க அதற்குத் தனியாகப் பள்ளம் வெட்ட வேண்டுமா?

தேவகோட்டைக் கரை எழுதியது:

வெட்ட வேண்டும், இரண்டு பலகைகளிலும். ஒவ்வொன்றிலும் தண்டின் பாதிக் கனத்துக்கு மேல் ஆழம் வேண்டாம், மூடிய பின் பலகைகளைப் பிடிக்கருவியால் இறுக்கிவிட்டு ஊற்றுங்கள்.