போட்டோ ஷார்ப் பண்ணும்போது நடந்த, இன்னும் மனசை அரிக்கிற ஒன்றைச் சொல்லுங்க

பாம்பன் ஸ்டுடியோ:
கச்சான் காத்து பலமா அடிச்ச நேரம். விசைப்படகு ஒண்ணு கரை திரும்பல. ரோடு பாலத்துல நின்னு யாரோ செல்போன்ல எடுத்த படத்தோட ஒரு அக்கா கடைக்கு வந்தாங்க. தூரத்துல ஒரு படகு, பக்கவாட்டுல பதிவு எண். "தம்பி, அந்தக் கடைசி நம்பரை மட்டும் தெளிவாக்கிக் குடு." வாட்ஸ்அப்ல பல கை மாறி வந்த படம். ஓரங்களைத் தூக்கிக் காட்டிப் படத்தைத் தெளிவாக்குற அன்ஷார்ப் மாஸ்க்ல ரேடியஸை, அதாவது ஓரத்துல அது வேலை செய்யுற அகலத்தை, கூட்டினா 8 மாதிரி நிக்குது, குறைச்சா 3 மாதிரி. அக்கா திரையில விரலை வச்சு, "எட்டுதானே? எட்டுன்னா எங்க வீட்டுப் படகு"ன்னாங்க. அதுக்குள்ள கூட வந்த பையன் ஏதோ ஏஐ ஆப்ல போட்டு, அச்சடிச்ச மாதிரி பளிச்சுன்னு ஒரு 8 காட்டினான். "இது படத்துல இருக்கிற எட்டு இல்லக்கா, ஆப் எழுதுன எட்டு"ன்னேன். அவங்க விரலை எடுக்கவே இல்ல. மறுநாள் இஞ்சின் பழுதான படகை மண்டபத்துக்குக் கட்டி இழுத்து வந்தாங்க, எல்லாரும் நல்லா இருந்தாங்க. ஆனா அந்த விரல் இன்னும் கண்ணுல நிக்குது.

ராம்நாடு பறவை:
தனுஷ்கோடி போற வழியில கோதண்டராமர் கோயில் பக்கம் குளிர்காலத்துல பூநாரை இறங்குறது தெரியும்ல, அங்க நண்பர் உச்சி வெயில்ல எடுத்த படம். பள்ளிக்கூடக் கண்காட்சிக்குப் பெருசா பிரிண்ட் போட்டு மாட்டினார். சின்னப் பொண்ணு ஒண்ணு கிட்ட வந்து, "சார், கழுத்தைச் சுத்தி ஏன் வெள்ளைக்கோடு போட்டிருக்கீங்க?"ன்னு கேட்டுச்சு. நண்பரால பதில் சொல்ல முடியல. மணல் சூட்டுல காத்து நெளியும். அந்த நெளிவு லென்ஸுக்கு வர்றதுக்கு முன்னாடியே உருவத்தைக் கலைச்சிடும். அதுக்கு மேல அமவுண்ட்டை, அதாவது ஷார்ப்போட பலத்தை, ஏத்த ஏத்தக் கோடுதான் தடிக்கும். விடியக்காலையில போனா இந்தப் பிரச்சினையே இல்ல.

கீழக்கரை:
பாம்பன் அண்ணன் சொன்னதுல எனக்கு உடன்பாடு இல்ல. கலங்கி நிக்கிற பொம்பளைகிட்ட "இருக்கலாம்க்கா"ன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சிடும்?
எங்க வீட்டுக் கதை: மவுத்தான வாப்பாவோட பாஸ்போர்ட் படத்தை ஸ்கேன் பண்ணி, முகம் தெளிவாகட்டும்னு ஒரு கடையில குடுத்தோம். ஒவ்வொரு தாடி முடியும் தனித்தனியா தெரிஞ்சுச்சு. உம்மா ரொம்ப நேரம் பாத்துட்டு, "அவுக புருவத்துத் தழும்பு எங்க?"ன்னாக. ஆப் அதை அழுக்குன்னு நினைச்சுத் துடைச்சிருக்கு. மங்கல் படத்தையே சட்டம் போடச் சொல்லிட்டாக.

மண்டபம்:
பறவைக்காரரே, உங்க நண்பர் படத்துக்கு வெயிலை மட்டும் குத்தம் சொல்லாதீங்க, ரேடியஸையும் பாருங்க. மென்பொருள் படத்தை மங்கலாக்கி ஒரு நகல் எடுக்குது. அசலுக்கும் நகலுக்கும் உள்ள வித்தியாசத்தை அசல் மேலயே கூட்டுது. அதனால ஓரத்துல இருட்டுப் பக்கம் இன்னும் இருளும், வெளிச்சப் பக்கம் இன்னும் வெளுக்கும். அந்த வெளுப்பு எவ்வளவு அகலம்னு முடிவு பண்றது ரேடியஸ். திரைக்குன்னா 0.5-லிருந்து 1 பிக்சல் போதும். எவ்வளவு வித்தியாசம் இருந்தா ஷார்ப் ஆகணும்னு சொல்ற த்ரெஷோல்டை பூஜ்யத்துல விட்டா வானத்துப் புள்ளியெல்லாம் மணல் தூவின கணக்கா எழும்பும். லைட்ரூம்ல மாஸ்கிங் ஸ்லைடரை ஆல்ட் கீ அழுத்திக்கிட்டு நகர்த்துங்க. கறுப்பான இடத்தைத் தொடாது, வெள்ளையான இடம் மட்டும் ஷார்ப் ஆகும். போட்டோஷாப்னா தனி லேயர்ல பண்ணி, வெளிச்சத்தை மட்டும் மாத்துற லூமினோசிட்டி பிளெண்ட் மோடுக்கு மாத்துங்க, ஓரத்துல கலர் பிசிறு வராது. 100 சதவீதத்துல வச்சுப் பாக்காம ஸ்லைடரைத் தொடவே கூடாது. முக்கியமா, அளவைச் சுருக்கின பிறகுதான் கடைசி ஷார்ப். முன்னாடியே பண்ணினா சுருக்கும்போது பாதி போயிடும், அப்புறம் திரும்பவும் ஏத்தத் தோணும். பிரிண்ட்டுக்குத் தனி நகல் வைங்க, பேப்பர் மை குடிக்கும், திரையில கொஞ்சம் தூக்கலா தெரிஞ்சாத்தான் காகிதத்துல சரியா வரும்.
என் அனுபவம் சின்னது. 1914-ல திறந்த பழைய பாம்பன் பாலம், ஒரு லேப்ல போட்ட பிரிண்ட். ரயில்வேல ரிட்டையர் ஆன பெரியவர் தூக்குப் பகுதியைத் தொட்டு, "இங்க ஒரு கம்பிதான் தம்பி, நீங்க ரெண்டு காட்டுறீங்க"ன்னார். கம்பி ஓரத்துல விழுந்த வெள்ளைக்கோடு அது.

பாம்பன் ஸ்டுடியோ:
மண்டபம் தம்பி, ரேடியஸ் பத்தி சொன்னது அத்தனையும் சரி. ஆனா என்கிட்ட வந்த படத்துல அந்த எழுத்தோட உயரமே ஆறேழு பிக்சல். உள்ள இல்லாததை எந்த ஸ்லைடரும் கொண்டு வராது.
கீழக்கரைத் தங்கச்சிக்கு: நான் "எட்டு"ன்னு சொல்லியிருந்தா, அந்தப் படத்தை வச்சுத் தேடப் போற படகுகளும் அந்தத் திசைக்கே போயிருக்கும். வேற திசையில ஆள் தவிச்சுக்கிட்டு இருந்தா? உங்க உம்மா தழும்பைத் தேடினாக, ஞாபகம் இருந்துச்சு, கண்டுபிடிச்சிட்டாக. கடல்ல நிக்கிற படகு நம்பரை யாரு ஞாபகத்துல வச்சுத் திருத்துறது? நாளைக்கு இன்னொருத்தர் வந்தாலும் அதையேதான் சொல்வேன். கூடவே, முதல்ல எடுத்த போன்ல இருக்கிற அசல் ஃபைலை வாட்ஸ்அப்ல டாக்குமென்டா அனுப்பச் சொல்லுங்கன்னு கேப்பேன்.